அன்னபூரணியை ஓட்டியவர்கள்

மயிலாப்பூர்வாசிகளுக்கும் சமுத்திரத்துக்கும் உள்ள உறவு மிகவும் விசித்திரமானது. கபாலீசுவரர் சந்நிதியிலிருந்து புறப்பட்டு நிதானமாக நடந்தாலும் அரை மணி நேரத்துக்குள் கடற்கரையை அடைந்துவிடலாம். சாயங்கால வேளைகளில் காற்று வாங்குவதற்காக நாம் எல்லோரும் அங்கே போகத்தான் போகிறோம். மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்கிறோம். பெண்ணின் கல்யாணத்தைப் பற்றியும், பிள்ளையின் அமெரிக்கா உத்தியோகத்தைப் பற்றியும் பேசுகிறோம். இருட்டினதும் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு வீடு திரும்புகிறோம். கணுக்கால் நனைந்துவிட்டால் அதுவே அன்றைய தினத்தின் பெரிய சாகஸம்! தியாகராய நகர்வாசிகளும் அடையாறுவாசிகளும் இவ்விஷயத்தில் நமக்குச் சளைத்தவர்கள் அல்லர்.

எப்பொழுதுமே இப்படித்தான் இருந்தோமா என்றால், இல்லை. கிரேக்கப் பூகோள சாஸ்திரி டாலமி, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதி வைத்த துறைமுகப் பெயர்களில் ஒன்று மயிலாப்பூரையே குறிப்பதாக அறிஞர்கள் கருதுகிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் நந்திவர்மப் பல்லவனுக்கு, மல்லைக்கும் மயிலைக்கும் அதிபதி என்பது ஒரு புகழ்ப் பெயர். அவனுக்கு முன்பே திருஞானசம்பந்தர், மயிலைத் திருவிழாக்களை வரிசைப்படுத்துகையில், மாசி மாதத்துக் கடலாட்டையும் மறவாமல் சேர்த்துப் பாடினார். சுவாமியே கடலுக்கு எழுந்தருளும் ஊர் இது. அவ்வூர்ப் பிரஜைகளாகிய நாம் மட்டும் கரையோடு நின்றுவிட்டோம்.

இதற்குக் காரணங்கள் பல. கடல் தாண்டினால் ஜாதிப்பிரஷ்டம் என்று ஒரு காலத்தில் படித்த குடும்பங்கள் நடுங்கின. கணித மேதை ராமானுஜன் 1914-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் 'நெவாஸா' என்னும் நீராவிக் கப்பலில் ஏறுவதற்குள் அவருடைய வீட்டில் எத்தனை தயக்கம், எத்தனை கலக்கம் என்பது உலகறிந்த விஷயம். பின்னர் அந்தப் பயம் போயிற்று. ஆனால் போன பிறகும் நாம் கப்பலில் பிரயாணிகளாக ஏறினோமே தவிர, கப்பலை ஓட்டுகிறவர்களாக ஏறவில்லை. டிக்கட்டு வாங்கிக்கொண்டு போகிறவனுக்குக் கடல் வெறும் தூரம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறவனுக்கோ அது ஒரு சாஸ்திரம். வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தாரே, அவர் ஒரு வக்கீல்! அந்த வக்கீலின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், நம் வீட்டுப் பிள்ளை மாலுமியாகப் போகிறேன் என்றால் மாரடித்துக்கொள்கிறோம்.

பாய்விரித்து நெடுங்கடல் ஓடும் வித்தை தமிழரிடமிருந்து சோழர் காலத்தோடு போய்விட்டது என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். நாம் உபாத்தியாயத் தொழிலில் இருப்பவர்கள். வகுப்பில் ராஜேந்திர சோழனின் கடற்படையைப் பற்றிச் சொல்லி முடித்ததும், "அப்புறம்?" என்று எந்த மாணவனாவது கேட்டால் நாம் சொல்லும் விடை ஒன்று உண்டு. அது அன்னபூரணியின் கதை.

யாழ்ப்பாணத்துக்கு வடக்கே, நம் நாகப்பட்டினத்தை நோக்கிக்கொண்டிருக்கும் கரையில், வல்வெட்டித்துறை என்று ஓர் ஊர். சுருக்கமாக வல்வை என்பார்கள். அவ்வூரார் பரம்பரைக் கப்பலோட்டிகள். பர்மாவிலிருந்து அரிசியும், கொச்சியிலிருந்து ஓடும் ஏற்றி வந்து இறக்கிய பாய்க்கப்பல்கள் அவர்களுடையவை. கப்பலை ஓட்டியதோடன்றிக் கட்டியதும் அவர்களே. 1930-ஆம் ஆண்டில் அங்கே கட்டி முடிந்த கப்பல்களில் ஒன்றுக்கு அன்னபூரணி அம்மன் என்று பெயரிட்டார்கள். நீளம் சுமார் 90 அடி, இரண்டு பாய்மரங்கள். அரிசி மூட்டை சுமக்கப் பிறந்த கப்பலுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் வேறு என்ன வேண்டும்?

இது இப்படியிருக்க, அமெரிக்காவில் வில்லியம் ஆல்பர்ட் ராபின்ஸன் என்று ஒருவர் இருந்தார். நியூயார்க்கில் நெசவுத் தொழிலைச் சேர்ந்த எஞ்சினீயர். அவருக்குக் கடல்மேல் பைத்தியம். 1928-ஆம் ஆண்டில், 32 அடி நீளமே உள்ள ஒரு சின்னஞ்சிறு பாய்ப் படகில் ஏறிப் புறப்பட்டு, பனாமா, தாஹித்தி, இந்துமகா சமுத்திரம், செங்கடல் என்று உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, 1931-ஆம் ஆண்டு நவம்பரில் நியூயார்க் திரும்பினார். அந்தப் படகுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'ஸ்வாப்'. வடமொழியில் ஸ்வாபம் என்றால் உறக்கம், கனவு. அமெரிக்கர் ஒருவர் தம் படகுக்கு நம் தேசத்துப் பாஷையில் பெயர் தேடினார் என்பது வேடிக்கையான விஷயம்தான்.

பிற்பாடு அந்தப் படகை அவர் இழந்தார். தமக்கென்று சொந்தமாக ஓர் உல்லாசக் கப்பல் வேண்டும் என்று விரும்பிய அவருடைய கண்ணில் பட்டது நமது அன்னபூரணி. மேனாட்டில் பணம் கொடுத்தால் எத்தனையோ அழகான கப்பல்கள் கிடைக்கும். உலகத்துத் துறைமுகங்களையெல்லாம் பார்த்துவிட்ட அந்த மனிதர், வல்வை மேஸ்திரிகள் கட்டிய சரக்குக் கப்பலை விரும்பி விலைக்கு வாங்கினார் என்றால், அதன் அமைப்பு எவ்வளவு சிறந்ததாக இருந்திருக்க வேண்டும்!

வாங்கியாயிற்று. ஆனால் கப்பல் இருப்பது இலங்கையில். போய்ச் சேர வேண்டியதோ அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் உள்ள குளோஸ்டர் துறைமுகம். 1937-ஆம் ஆண்டில் அன்னபூரணி புறப்பட்டது. அதன் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. அவரோடு வல்வை மாலுமிகளான சிதம்பரப்பிள்ளை, சபாரத்தினம், சுப்பிரமணியம், இரத்தினசாமி ஆகியோர். இடையில் மேனாட்டுக் கப்பல் தலைவர் ஒருவரும் வந்து சேர்ந்தார். அவருடைய பங்கை நாம் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எந்தக் காற்றுக்கு எந்தப் பாயை இறக்குவது, எந்த ஆலாத்துக் கயிறு எவ்வளவு பளுத் தாங்கும் என்று அந்தக் கப்பலை அங்கம் அங்கமாக அறிந்தவர்கள் வல்வைக்காரர்களே.

படத்தை விரித்துவைத்துக்கொண்டு அந்த வழியை ஒரு முறை விரலால் தொடர்ந்து பார்த்தால்தான் அதன் அருமை விளங்கும். வாசகர்கள் வீட்டில் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு பார்க்கலாம்.

கொழும்பிலிருந்து ஏடன் வரையில் சுமார் 2,100 கடல் மைல். நவம்பரிலிருந்து மார்ச்சு வரை அரபிக் கடலில் வீசுவது வடகிழக்குப் பருவக் காற்று. வாடை என்று கடலோடிகள் சொல்லும் இந்தக் காற்று, மேற்கே போகிற பாய்க்கப்பலின் முதுகைத் தட்டிக் கொடுக்கும். ஜூன் மாதம் பிறந்தால் தென்மேற்குக் காற்று எதிர்த்து நின்று அடிக்கும். ஆகையால் பாய்க்கப்பலுக்குப் பஞ்சாங்கமே சுக்கான். ஏடனைத் தாண்டினால் செங்கடல். 2,250 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் குறுகிய கடலின் வடபாதியில் வருஷம் முழுவதும் வடக்கிலிருந்தே காற்று வரும். காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாயும் போகாது. ஆகவே வலப் பக்கம் கொஞ்ச தூரம், இடப் பக்கம் கொஞ்ச தூரம் என்று மாறி மாறி ஓடித்தான் முன்னேற வேண்டும். இரு கரையிலும் பவளப் பாறைகள். பத்து மைல் முன்னேறுவதற்கு முப்பது மைல் ஓடவேண்டி வந்தாலும் ஆச்சரியமில்லை.

அப்புறம் சூயஸ் கால்வாய். அதன் பின் மத்தியதரைக் கடலின் முழு நீளம். அதன் மேற்கு வாசலான ஜிப்ரால்டரிலோ, அட்லாண்டிக் சமுத்திரத்து நீர் ஓயாமல் உள்நோக்கிப் பாய்ந்துகொண்டிருக்கிறது. வெளியே போகிற பாய்க்கப்பலை அது பின்னுக்கே தள்ளும். நல்ல காற்றுக்காக அங்கே நாட்கணக்கில் காத்துக்கிடப்பது அந்தக் காலத்துக் கப்பல்காரர்களுக்குச் சகஜம். அதையும் கடந்தால் எதிரே அட்லாண்டிக். 1492-ஆம் ஆண்டில் கொலம்பஸ் கடந்த அதே மகா சமுத்திரம். இவ்வளவையும் கடந்து, பெர்முடாத் தீவில் தங்கி, 1938-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் தேதி அன்னபூரணி குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. வல்வைத் தமிழர் ஐவர் அமெரிக்க மண்ணில் இறங்கினார்கள். பாஸ்டன் நகரத்துப் பத்திரிகை அச்செய்தியை வெளியிட்டது.

கடலில் மைல்கல் கிடையாது. பின் எதை நம்பிப் போவது? இதைப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லிப் புரியவைப்பதைக் காட்டிலும் கண்ணால் காட்டுவது மேல் என்று கருதி, சென்ற தை மாதத்தில் நமது மாணவ மாணவிகள் சிலரைப் பெற்றோர் சம்மதத்தோடு பட்டினப்பாக்கத்துக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றோம். ஒவ்வொருவர் கையிலும் 10 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பலகைத் துண்டு. அதன் நடுவே துளையிட்டுக் கோத்த நூல்கயிறு. சோழமண்டலக் கரையின் மாலுமிகள் கையாண்ட இந்தக் கருவிக்கு ராப்பலகை என்று பெயர். 1850-ஆம் ஆண்டில் காங்கிரீவ் என்னும் ஆங்கில ராணுவ அதிகாரி சென்னையிலிருந்து இதைப்பற்றி எழுதியிருக்கிறார். கயிற்றில் ஊருக்கு ஒரு முடிச்சு. முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கயிற்றை விறைப்பாக நீட்டிப் பலகையைப் பிடிக்க வேண்டும். பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்திலும் மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்திலும் ஒட்டி நின்றால், அந்த முடிச்சுக்குரிய ஊரின் நேருக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். பிறகு கிழக்கோ மேற்கோ ஓடினால் ஊர் வந்து சேரும்.

சூட்சுமம் இவ்வளவுதான். துருவ நட்சத்திரம் பூமத்திய ரேகையில் அடிவானத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். வடக்கே போகப் போக மேலே ஏறும். வல்வையில் அதன் உயரம் சுமார் 10 பாகை. மயிலையில் 13 பாகை. குளோஸ்டரிலோ 42 பாகைக்கும் மேல். நம் பலகைக்குக் கணக்கிட்டுப் பார்த்ததில், கண்ணிலிருந்து வல்வைக்கு 58 சென்டிமீட்டரிலும், மயிலைக்கு 44-லும், குளோஸ்டருக்கு 13-லும் முடிச்சுப் போடவேண்டியிருந்தது. கலங்கரை விளக்கத்தின் பக்கம் சற்று நேரம் தேடிய பிறகு, மங்கலாக ஒரு நட்சத்திரம் அகப்பட்டது. மயிலை முடிச்சைக் கடித்துக்கொண்டு பார்த்தபோது பலகையின் மேல்விளிம்பில் அது கனகச்சிதமாக உட்கார்ந்திருந்தது. குளோஸ்டர் முடிச்சைக் கடித்துப் பார்த்த ஒரு பையன், "அடேயப்பா! இவ்வளவு உயரத்துக்கா ஏறும்?" என்று கூவினான். திரிகோண கணிதத்தின்மேல் அவனுக்கு அவ்வளவு அன்பு உண்டானதை அதற்கு முன் நாம் கண்டதில்லை.

படகுகளின் அருகே விளக்கு வெளிச்சத்தில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த குப்பத்துப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். நமது பலகையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எங்க நைனா இதெல்லாம் இல்லாமலே அந்த வெள்ளியைப் பார்த்துக் கரை பிடிப்பாரு, சார். இப்போ ஜீபீயெஸ் பொட்டி வந்திடுச்சு. ஆனா பொட்டிக்குக் கரண்டு வேணும், வெள்ளிக்கு வேணாம்" என்றார். இரு பக்கமும் கூர்மையான மிதப்புக் கட்டைகளைக் கொண்டு உலகெங்கும் பந்தயத்தில் ஓடும் படகுகளுக்குக் 'கட்டமரான்' என்று பெயர். அது நம் கட்டுமரத்தின் பெயர்தான். பெயரைக் கொடுத்தவர்களின் பேரர் நமக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். இருந்தும், நம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அன்றுதான் முதன்முதலாக அத்தகைய ஒருவரிடம் மீன் விலையைத் தவிர வேறு விஷயம் பேசினார்கள்.

அந்தப் பிள்ளைகளில் ஒரு பெண். பதினொன்றாம் வகுப்பு. அவள் ஞாயிற்றுக்கிழமை தோறும் துறைமுகத்துக்குப் போய்ச் சிறு பாய்ப்படகு ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். பட்டப்படிப்பு முடிந்ததும் கடற்படையில் அதிகாரியாகச் சேர்ந்து, பாய்க்கப்பலில் உலகத்தைச் சுற்றிவர வேண்டும் என்பது அவளுடைய அவா. அவளுடைய தகப்பனார் தியாகராய நகரில் ஒரு பாங்கி உத்தியோகஸ்தர். மிகவும் மரியாதையான மனிதர். ஒரு நாள் மாலை தம் தாயாரையும் அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார்.

"சார், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கேட்பாள். பரீட்சை வருகிறது. எஞ்சினீயரிங் படிக்கட்டும். இந்தக் கப்பல் பைத்தியம் வேண்டாம்" என்றார். பேசும்போது அவருடைய குரல் தழுதழுத்தது. அவர் பயந்தது பரீட்சைக்காக மட்டுமன்று. ஒரே பெண். கடல் கொடியது. அந்தப் பயத்தைக் கேலி செய்ய நமக்கு மனம் வரவில்லை.

அவரிடம் அன்னபூரணியின் கதையைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "வாஸ்தவம். ஆனால் அவர்கள் பரம்பரை மாலுமிகள். நாம் பரம்பரையாகக் கணக்கு எழுதுகிறவர்கள். அவர்கள் இரத்தத்தில் கடல் இருக்கிறது" என்றார்.

நம்மைப் போன்ற குடும்பங்கள் கடலுக்கு முதுகு காட்டுவதற்குச் சொல்லும் கடைசி நியாயம் இதுதான். ஆகையால் அதற்குக் கொஞ்சம் விவரமாகவே பதில் சொன்னோம். இரத்தத்தில் கடல் இருக்கிறது என்று சொல்லுவது, கேட்பதற்கு வல்வைக்காரர்களுக்குப் புகழ்போல் தோன்றும். உண்மையில் அது அவர்களுடைய உழைப்பைத் திருடுவதாகும். அவர்கள் சிறு வயது முதல் கற்றார்கள், கற்றதைச் சோதித்தார்கள், தவறினால் உயிரைக் கொடுத்தார்கள். அது கல்வி. அவர்களிடமிருந்து கப்பலை வாங்கிய ராபின்ஸனோ தறியோடு பழகிய எஞ்சினீயர். ஆசைப்பட்டார், கற்றார், ஓட்டினார். நம் சென்னையின் நேத்ரா குமணன் கோடை விடுமுறை முகாம் ஒன்றில் பாய்ப்படகு பழக ஆரம்பித்தவர். 2021-ஆம் ஆண்டில் ஒலிம்பிக் பாய்ப்படகுப் பந்தயத்துக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி என்னும் கீர்த்தியை அடைந்தார். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும், கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் கடற்படை அதிகாரிகள். இருவரே இருவராக, 56 அடி நீளமுள்ள 'தாரிணி' என்னும் பாய்க்கப்பலில் 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகத்தைச் சுற்றிக்கொண்டு, 2025-ஆம் ஆண்டு மே 29-ஆம் தேதி கோவாவுக்கே திரும்பினார்கள். எட்டு மாத காலம். அவர்களுக்குக் காற்று கோத்திரம் கேட்டா வழிவிட்டது?

தகப்பனார் மௌனமாக இருந்தார். அதுவரையில் வாய் திறவாதிருந்த பாட்டியம்மாள் பிள்ளையைப் பார்த்து, "ஏண்டாப்பா, உன் தம்பி ஆகாசத்திலே பறந்து அமெரிக்கா போனானே, அப்போ நீ வாசல் வரைக்கும் வந்து சிரிச்சிண்டே வழியனுப்பினாய். அடியிலே தண்ணியாவது இருந்தா நீந்தலாம். ஆகாசத்திலே எதைப் பிடிச்சுப்பான்னு நான்தான் ராத்திரி பூராத் தூங்கலை. எல்லாம் பழக்கம்தாண்டா" என்றார்.

நாம் சொன்ன நியாயங்களெல்லாம் ஒரு தட்டில், பாட்டியம்மாளின் வார்த்தை ஒரு தட்டில். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை வரையில் ஞாயிறு தவறாமல் துறைமுகத்துக்குப் போகலாம், அதற்கு அப்புறம் யோசிப்போம் என்று உத்தரவாயிற்று. அந்தப் பெண் கடற்படையில் சேருவாளோ, வேறு வழியில் போவாளோ, அது அவள் பாடு. வேண்டாம் என்ற சொல் மட்டும் அந்த வீட்டில் அன்றோடு நின்றது.

அன்னபூரணியின் கதையில் நாம் வகுப்பில் சொல்லும் இன்னும் ஒரு பகுதி உண்டு. குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த கப்பலுக்கு ராபின்ஸனின் மனைவியின் பெயர் சூட்டப்பட்டது. அன்னபூரணி அம்மன், 'பிளாரன்ஸ் சி. ராபின்ஸன்' ஆனாள். இதில் கோபிப்பதற்கு ஒன்றுமில்லை. பணம் கொடுத்து வாங்கியவருக்குப் பெயர் வைக்கப் பாத்தியதை உண்டு. கட்டிய மனைவியின் பெயரை வைத்தது அவருடைய பிரியம். ஆனால் அதே குளோஸ்டர் நகரத்தில், கடலில் மாண்ட தம் மீனவர்களுக்காக அவ்வூரார் 1925-ஆம் ஆண்டில் ஒரு சிலை நாட்டினார்கள். சுக்கான் சக்கரத்தை இறுகப் பற்றிக்கொண்டு நிற்கும் மாலுமியின் சிலை. மாண்டவர்களின் பெயர்களை ஒன்று விடாமல் அங்கே பொறித்தும் வைத்திருக்கிறார்கள். தங்கள் ஊர்க் கடலோடியின் பெயர் மறைந்துபோகக் கூடாது என்பதில் அவர்களுக்கு எவ்வளவு கவலை!

நமக்கு அந்தக் கவலை இருக்கிறதா? அட்லாண்டிக்கைக் கடந்த கொலம்பஸையும் மெகல்லனையும் நம் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்கள். கனகரத்தினம் தம்பிப்பிள்ளை யார் என்றால் விழிப்பார்கள். கப்பலின் பெயரை மாற்றியவர் அமெரிக்கர். மாலுமிகளின் பெயரை மறந்தவர்கள் நாம். கப்பல் விலைபோனதில் நஷ்டமில்லை. அதை ஓட்டும் வித்தை படிப்பாகாது என்று எண்ணிவிட்டோமே, அதில்தான் நஷ்டம்.

அடுத்த முறை குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகும்போது, வடக்கே ஒரு முஷ்டி உயரத்துக்குச் சற்று மேலே துருவ நட்சத்திரத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ஐந்து பெயர்களையும் சொல்லுங்கள்: தம்பிப்பிள்ளை, சிதம்பரப்பிள்ளை, சபாரத்தினம், சுப்பிரமணியம், இரத்தினசாமி. கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தை, "நானும் போகட்டுமா?" என்று கேட்டால், உடனே 'கூடாது' என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் நீந்தக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.